பிழை என்னுடையது

சில வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை பிற்பகலில், நம் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரரின் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறவர். சனிக்கிழமை மாலைக் கூடுகைக்கு அவர் வந்து இரண்டு மாதங்களாகியிருந்தன. விசாரித்தபோது, "விடுமுறை நாளெல்லாம் மொட்டைமாடியில் எதையோ கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறார், ஐயா" என்று ஒருவர் சொன்னார். உண்மையைச் சொல்வதானால், ஒரு சிறிய கண்டிப்பை மனதில் ஒழுங்குபடுத்திக்கொண்டேதான் அந்த வீட்டுப் படிகளில் ஏறினேன்.

அந்தக் கண்டிப்பை நான் பேசவில்லை. பேசாமல் திரும்பியதற்கான காரணத்தையே இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். உங்களில் பலர் கணினியின் முன் அமர்ந்து பிழைப்பு நடத்துகிறவர்கள். மற்றவர்களில் பலர் அப்படிப்பட்ட ஒருவருக்குத் தாயாகவோ, தகப்பனாகவோ, மனைவியாகவோ, கணவராகவோ இருக்கிறீர்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மாடியில் அவர் தண்ணீர்த் தொட்டியின் அருகே, கையில் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தார். முகத்தில் தூக்கமின்மை தெரிந்தது. "என்ன ஆயிற்று, தம்பி?" என்று கேட்டேன். முந்தின வாரத்தில் அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். தொழில்நுட்பச் சொற்களை எனக்காக எளிமையாக்கித்தான் சொன்னார். நானும் அதே எளிமையில் உங்களுக்குத் தருகிறேன்.

அவர்கள் பராமரிக்கும் மென்பொருள் ஒன்று, ஒவ்வொரு நாளும் வந்த பணத்தைக் கணக்கிட்டு அறிக்கை தருகிறது. மாதக் கடைசியில் கணக்கு இடித்தது. பணம் காணாமற்போகவில்லை, ஆனால் ஒன்றாம் தேதி வந்த சில தொகைகள் முந்தின மாதக் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தன. இரண்டு பகல், ஓர் இரவு அவர் தேடினார். பகலில் எத்தனை முறை சோதித்தாலும் எல்லாம் சரியாகவே இருந்தது. கடைசியில் காரணம் அகப்பட்டது. அந்த மென்பொருள் இயங்கும் சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவது. நம் நாட்டு நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே நமக்கு நள்ளிரவு 12 மணி கடந்து புதிய தேதி பிறந்த பிறகும், காலை 5.30 மணி வரை அந்தக் கணினிக்கு நேற்றைய தேதிதான். அந்த இடைவெளியில் பணம் செலுத்தியவர்களின் கணக்கெல்லாம் முந்தின நாளில் சேர்ந்துவிட்டது. முன்பு அந்த நேரத்தில் பணம் செலுத்துவோர் ஏறக்குறைய இல்லை. வாடிக்கையாளர் பெருகியபோது அதுவரை உறங்கிக்கிடந்த பிழை விழித்துக்கொண்டது.

திருத்தம் ஒரே ஒரு வரி. ஆனால் அவரை உறங்கவிடாமல் செய்தது பிழை தந்த களைப்பு மட்டுமல்ல. நிரல்களின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் 'கிட்' என்றொரு கருவி உண்டு. லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 2005இல் உருவாக்கியது. இன்று உலகெங்கும் நிரல் எழுதுவோர் பயன்படுத்துவது. அதில் 'பிளேம்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பிளேம் என்றால் பழி. ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக எழுதியவர் யார், எந்த நாளில் எழுதினார் என்பதை அது காட்டிவிடும். "எவன் இப்படி எழுதிவைத்தான் என்று கோபத்தோடு அந்தக் கட்டளையைத் தட்டினேன், ஐயா" என்றார். "என் பெயர் வந்தது."

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாமே எழுதிய வரி. எழுதியதே நினைவில் இல்லை.

அன்பானவர்களே, தாவீது அரசனிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்ன நிகழ்ச்சி உங்களுக்குத் தெரியும். கதையில் வந்த பணக்காரன்மேல் தாவீதுக்கு எவ்வளவு கோபம்! அந்த மனிதன் வேறு யாருமல்ல, தான்தான் என்று அறிந்த கணத்தில் அவன் அடைந்த நிலையை அன்று அந்த மாடியில் என்னால் சற்றே உணர முடிந்தது. சகோதரர் செய்தது பாவமன்று, வெறும் கவனக்குறைவு. என்றாலும் பிறர்மேல் எறிய எடுத்த கல், எறியுமுன் தன் கையிலேயே கனத்துப்போகும் அனுபவம் இரண்டிலும் ஒன்றுதான்.

இந்தத் தொழிலின் சலிப்பைப் பற்றி வெளியிலிருப்போர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்று நினைக்கிறேன். குளிரூட்டிய அறை, நல்ல சம்பளம், உட்கார்ந்த இடத்தில் வேலை. இதில் என்ன கஷ்டம் என்று கேட்கிறோம். கஷ்டம் என்னவென்றால், அவர்களுடைய பொருள் கண்ணுக்குத் தெரியாதது. தச்சர் இழைத்த பலகை கோணலாக இருந்தால் கண் கண்டுகொள்ளும். கொத்தனாருக்கு ரசமட்டமும் தூக்குக்குண்டும் உண்டு. நிரலில் இருக்கும் கோணல், அது எதையாவது சாய்க்கும்வரை தெரிவதில்லை.

1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 'மார்க் 2' என்ற பெரிய கணிப்பொறி தடுமாறியது. திறந்து பார்த்தபோது அதன் ரிலே ஒன்றுக்குள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக்கிடந்தது. அதை எடுத்து, நாட்குறிப்பேட்டில் ஒட்டி, உண்மையாகவே ஒரு பூச்சி அகப்பட்டது என்று வேடிக்கையாகக் குறித்துவைத்தார்கள். பொறியாளர்கள் கோளாறுகளைப் 'பக்', அதாவது பூச்சி, என்று அழைப்பது அதற்கும் முந்திய வழக்கம்; அதனால்தான் அது வேடிக்கையாயிற்று. அந்த ஏடும் அந்தப் பூச்சியும் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்த நாளின் தொழிலாளி கொடுத்துவைத்தவர். இடுக்கியால் எடுத்து ஒட்டிவைக்கக்கூடிய பிழை அவருக்குக் கிடைத்தது. இன்று நிரல் எழுதுகிறவருக்குத் தேடவேண்டிய பூச்சி பல நேரங்களில் ஒரு பழைய எண்ணம். தாமே முன்பு நினைத்துக்கொண்ட ஒரு தவறான நம்பிக்கை.

1996 ஜூன் 4ஆம் நாள், ஐரோப்பாவின் 'ஏரியான் 5' ராக்கெட் தன் முதல் பயணத்தில், புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. 16 பிட் இடத்தில் அடங்காத ஒரு பெரிய எண்ணை அதில் அடைக்க முயன்ற மென்பொருள் பகுதியே காரணம். அந்தப் பகுதி 'ஏரியான் 4' ராக்கெட்டுக்காக எழுதப்பட்டது. அங்கே ஒழுங்காக வேலை செய்தது. புதிய ராக்கெட்டின் வேகம் வேறு, பாதை வேறு. நேற்று உண்மையாக இருந்தது இன்றும் உண்மையாகவே இருக்கும் என்று எவரோ நம்பிவிட்டார்கள். இப்படி நம்பாதவர் நம்மில் யார்?

ஆகவே, நிரல் எழுதுகிறவருடைய வாழ்க்கையில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. தன் பிழையோடு எப்படி வாழ்வது? மறைத்து வாழலாம். அடுத்தவர்மேல் சாற்றி வாழலாம். ஏதேன் தோட்டத்திலேயே ஆதாம் ஏவாளைக் காட்டினான், ஏவாள் சர்ப்பத்தைக் காட்டினாள். அல்லது தன்னையே வாட்டிக்கொண்டு, உறக்கமின்றி, வீட்டில் எல்லாரிடமும் எரிந்து விழுந்து வாழலாம். இவை மூன்றையும் நான் என் ஊழியத்தில் கண்டிருக்கிறேன். நான்காவது வழி ஒன்று உண்டு. அதை நடந்துகாட்டிய ஒருவரை அந்தத் துறையிலிருந்தே உங்களுக்குச் சொல்லுகிறேன்.

டொனால்ட் கனூத் என்பவர் 1938இல் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கணிப்பொறி நிரலாக்கக் கலையைப் பற்றி அவர் எழுதத் தொடங்கிய பெருநூலின் முதல் பாகம் 1968இல் வெளிவந்தது. 1974இல் கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசான டூரிங் விருதைப் பெற்றார். 1977இல், தம் நூலின் இரண்டாம் பாகத்துக்கான புதிய அச்சுப்படிகள் வந்தபோது, அவற்றின் எழுத்தழகு அவருக்குப் பிடிக்கவில்லை. நூலை அழகாக அச்சுக் கோக்க ஒரு மென்பொருளைத் தாமே எழுதிவிடலாம் என்று இறங்கினார். விரைவில் முடித்துவிட்டு நூலுக்குத் திரும்பலாம் என்று எண்ணினார். அந்த வேலை ஏறக்குறைய பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. 'டெக்' என்னும் அந்த மென்பொருளைக் கணித, அறிவியல் நூல்களுக்கு இன்றும் உலகம் பயன்படுத்துகிறது. இவ்வளவு பெரிய அறிஞரே காலக் கணக்கில் இப்படித் தவறினார் என்பதை, "இரண்டு நாளில் முடித்துவிடுவேன்" என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு இரண்டு வாரமாய்த் திணறிக்கொண்டிருக்கும் இளைஞர்கள் ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம்.

என் மனதைத் தொட்டது வேறொன்று. கனூத் அந்த மென்பொருளில் தாம் செய்த பிழைகளை 1978 முதலே ஒவ்வொன்றாகக் குறித்துவைத்தார். எழுத்துப்பிழை, மறதி, அடிப்படையே தவறான எண்ணம் என்று அவற்றை வகைப்படுத்தினார். 1989இல் அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதி வெளியிட்டார். பட்டியலில் எண்ணூறுக்கும் மேற்பட்ட பதிவுகள். அதோடு நில்லாமல், தம் நூல்களில் பிழை கண்டுபிடித்துச் சொல்லுகிற எவருக்கும் 2 டாலர் 56 சென்ட் பரிசு என்று அறிவித்தார். 256 என்பது கணினியின் பதினாறடிமான எண்முறையில் நூறு என்று எழுதப்படும் எண். அது அவருடைய நகைச்சுவை. அந்தக் காசோலையைப் பெற்றவர்கள் பலர் அதை வங்கியில் போடாமல் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார்கள். தன் பிழையைச் சுட்டியவனுக்கு நன்றி சொல்லிக் காசும் கொடுக்கிற ஒரு மனிதர்! நம் வீடுகளில், நம் சபைகளில், ஏன், நம் போதகர்களில் இப்படி எத்தனை பேர்?

இதே மனிதருக்குப் பொழுதுபோக்குகளும் இருந்தன. அவருடைய வீட்டில் 812 குழாய்கள் கொண்ட ஓர் ஆர்கன் இருந்தது. அவருடைய தகப்பனார் லுத்தரன் பள்ளியில் ஆசிரியராகவும் ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவராகவும் இருந்தவர். மகனும் லுத்தரன் விசுவாசியே. வேதாகமத்தின் புத்தகங்களில் மூன்றாம் அதிகாரம் பதினாறாம் வசனத்தை மட்டும் எடுத்து ஆராய்ந்து, '3:16' என்றொரு நூலை 1990இல் வெளியிட்டார். வசனங்களை அழகிய எழுத்தோவியங்களாக எழுதித் தரும்படி பல நாட்டு எழுத்துக் கலைஞர்களை வேண்டினார். 2018 ஜனவரியில், தம் எண்பதாம் பிறந்தநாளன்று, வெளிப்படுத்தின விசேஷத்தை அடிப்படையாகக் கொண்டு தாம் எழுதிய ஆர்கன் இசைப்படைப்பு சுவீடன் நாட்டில் முதன்முதலாக வாசிக்கப்பட்டதைக் கேட்டார். அந்தப் பெருநூலோ இன்னும் முடியவில்லை. "நூலை முடிக்காமல் ஆர்கன் வாசிக்கிறாரே" என்று அவரைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வருமா?

நம் வீட்டுப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ள மட்டும் மனம் வருகிறது. "ஐந்து நாள் கம்ப்யூட்டர், மீதி இரண்டு நாளும் கம்பியும் பலகையும். இது என்ன வேலையற்ற வேலை?" என்கிறோம். நெதர்லாந்தைச் சேர்ந்த கைடோ வான் ராசம் 1989ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிய நாட்களில், அலுவலகம் மூடியிருந்ததால், பொழுதுபோக்காக எழுதத் தொடங்கியதே 'பைத்தான்' என்னும் நிரல்மொழி. ஹெல்சின்கி மாணவராக இருந்த 21 வயது டோர்வால்ட்ஸ் 1991இல் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி அறிவித்ததே 'லினக்ஸ்'. ஆனால் இவற்றைச் சொல்லி உங்களை நம்பவைக்க நான் விரும்பவில்லை. நம் பிள்ளையின் விடுமுறை வேலை உலகப் புகழ் பெற்றால்தான் மதிப்பு என்று ஆகிவிட்டால், அதுவும் இன்னோர் அலுவலகமாகிவிடும். பெரும்பாலான விடுமுறை வேலைகள் ஒரு வீட்டின் சுவருக்குள்ளேயே முடிந்துவிடும். அவற்றின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அந்த மாடிக்குத் திரும்புவோம்; விளங்கும்.

அவருடைய தகப்பனாருக்கு முழங்கால் தேய்மானம். அந்தத் தெருவில் கீழ்த்தொட்டிக்குத் தண்ணீர் வரும் நேரத்தில் மோட்டாரைப் போட்டு மேல்தொட்டியை நிரப்ப வேண்டும். நிரம்பியதா என்று பார்க்க மாடி ஏறவேண்டும்; இல்லையென்றால் வழிந்து வீணாகும். மகன் அலுவலகம் போய்விட்ட பிறகு ஏறி இறங்கியவர் அந்த முதியவர். ஒருநாள் படியில் தடுமாறி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தப்பினார். அன்றிரவே மகன் தீர்மானித்துவிட்டார், தகப்பனார் இனி இந்தப் படிகளில் ஏறக்கூடாது என்று.

ரிச்சி தெருவுக்குப் போய் ஓர் 'ஆர்டுயினோ' பலகையும், தூரத்தை அளக்கும் ஓர் ஒலி உணரியும் வாங்கிவந்தார். ஆர்டுயினோ என்பது 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரத்து வடிவமைப்புக் கல்விக்கூடத்தில் உருவான சிறு மின்னணுப் பலகை. மின்னணுவியல் படிக்காத மாணவரும் கையாளவேண்டும் என்பதே அதைச் செய்தவர்களின் நோக்கம். ஒலி உணரி, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது தண்ணீரில் பட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தை அளக்கிறது. ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். நேரத்தை வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று தெரிந்துவிடும். கணக்கு சுத்தமானது. முதல் சனிக்கிழமை மேசைமேல் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் சனிக்கிழமை தொட்டியின் மூடிக்கு அடியில் பொருத்தினார். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு தொட்டி காலியாயிருக்கும்போது நிரம்பிவிட்டது என்றது. மூடிய தொட்டிக்குள் வெயிலில் எழும் ஆவி, உணரியின் முகத்தில் துளித்துளியாய்ப் படிந்துவிட்டிருந்தது. துடைத்தார், மூடினார், உறை செய்தார். மறுபடியும் அதே கதை. நான்கு சனிக்கிழமைகள் இப்படிப் போயின.

ஐந்தாம் சனிக்கிழமை தகப்பனார் கீழிருந்தே கேட்டாராம்: "தம்பி, கழிவறைத் தொட்டியில் ஒரு பந்து மிதக்கிறதே, அது போதாதா?"

போதும். மிதவை சுவிட்ச் என்று கடையில் கேட்டால் கொடுக்கிறார்கள். தண்ணீர் ஏறினால் மிதவையும் ஏறும், மோட்டார் நிற்கும். அதில் நிரலே இல்லை. நான் சென்ற அன்று அவர் அதைத்தான் பொருத்திக்கொண்டிருந்தார். மோட்டாருக்குப் போகும் 230 வோல்ட் இணைப்பை மட்டும் தாம் தொடாமல், தெரிந்த எலக்ட்ரீஷியனை வரவழைத்திருந்தார். "இது எனக்குத் தெரியாத வேலை, ஐயா" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வெட்கமில்லை. ஒரு தெளிவுதான் இருந்தது. அலுவலகத்தில் அந்த வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆயினவோ!

எலக்ட்ரீஷியன் இணைத்து முடித்ததும் மோட்டாரைப் போட்டோம். நாங்கள் மூவரும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் ஏறியது, மிதவை சாய்ந்தது, மோட்டார் தானாக நின்றது. கீழே, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரியவர், "நின்றுவிட்டது, நின்றுவிட்டது" என்று சத்தமிட்டுச் சொன்னார். அந்தச் சகோதரர் சிரித்ததை நான் ஆண்டுக்கணக்கில் பார்த்ததில்லை.

அன்பானவர்களே, இதிலிருந்து என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கணினியின் முன் உழைக்கிறவருக்குக் கையால் செய்யும் ஒரு வேலை தேவை. அலுவலகத்தில் அவருடைய வேலை முடிவதே இல்லை. ஒன்றை முடித்தால் அடுத்தது காத்திருக்கிறது. முடித்ததையும் ஆறு மாதத்தில் மாற்றச் சொல்லுகிறார்கள். அதைப் பயன்படுத்தியவரின் முகத்தை அவர் பார்ப்பதே அரிது. வீட்டு வேலையில் முடிவு உண்டு. அலமாரிப் பலகை நின்றது, கதவின் கிறீச்சொலி போயிற்று, தொட்டி வழியவில்லை என்று கண்ணால் காணலாம். பயன்பட்டவர் அதே கூரையின்கீழ் இருக்கிறார். பிழை செய்தாலும் அது எல்லார் முன்னாலும் தெரியும். தெரிந்தும் வானம் இடிந்து விழுவதில்லை. நான்கு சனிக்கிழமைகள் தோற்ற மனிதரைத் தகப்பனார் தள்ளிவிடவில்லை. ஒரு நல்ல யோசனையைத்தான் தந்தார். பிழையோடு அஞ்சாமல் வாழக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

எனினும் இரண்டு குழிகளைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, வாங்குவதைச் செய்வதாக எண்ணிக்கொள்ளும் குழி. உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்து பாருங்கள். ஒரு 'ராஸ்ப்பெர்ரி பை' உறை பிரிக்காமல் கிடக்கிறதா? 2012 பிப்ரவரி 29 அன்று கேம்பிரிட்ஜைச் சேர்ந்தவர்கள் அந்தச் சிறு கணினியை வெளியிட்டபோது, பிள்ளைகள் குறைந்த விலையில் நிரலாக்கம் பழகட்டும் என்பதே அவர்களுடைய ஆசை. அது இன்று எத்தனையோ பெரியவர்களின் இழுப்பறையில் உறங்குகிறது. பக்கத்தில் ஒரு கைக்கடிகாரம், இரண்டு காதொலிப்பான்கள், தட்டச்சு ஒலி நன்றாக இருக்கிறதென்று வாங்கிய விசைப்பலகை. களைத்த மனம் ஒரு பொருளை வாங்கும்போது, அதைக்கொண்டு செய்யப்போகிற வேலையின் மகிழ்ச்சியையும் சேர்த்தே வாங்கிவிட்டதாக நினைக்கிறது. பொட்டலம் வந்த இரவோடு அது தீர்ந்துவிடும். கருவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதியதை வாங்குமுன், இழுப்பறையில் இருப்பதைக்கொண்டு ஒன்றைச் செய்து முடியுங்கள் என்றே சொல்லுகிறேன். இழுப்பறை பாரமாக இருந்தால், அதில் ஒன்றை ஓர் ஏழை மாணவனுக்குக் கொடுங்கள். அவன் அதை உறங்கவிடமாட்டான்.

இரண்டாவது, வீட்டுக்கென்று தொடங்கிய வேலை, வீட்டைவிட்டு ஓடுவதற்கான வழியாகிவிடும் குழி. பிள்ளை கதை கேட்கிறது; நீங்கள் கதவை மூடிக்கொண்டு விளக்கு தானாக எரிய ஒரு நிரல் எழுதுகிறீர்கள். மனைவி கேட்டது சமையலறைக் குழாயின் ஒழுகலை நிறுத்த. நீங்கள் செய்வது கைப்பேசியில் திறக்கும் வாசற்கதவு. இதைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் வேலையில் வீட்டார் யாராவது கை வைக்க இடம் இருக்கிறதா? பலகையைப் பிடித்துக்கொள்ள, ரசமட்டத்தில் குமிழ் நடுவே நிற்கிறதா என்று பார்த்துச் சொல்ல, திருகாணிகளை எண்ணித்தர ஒரு சிறு பிள்ளையாலும் முடியும். அந்த இடம் இல்லையென்றால், நீங்கள் சனிக்கிழமையிலும் அலுவலகத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஒன்றைக் கவனியுங்கள்: கனூத் 1990 ஜனவரி முதல் நாளோடு மின்னஞ்சலை விட்டுவிட்டார். உலகத்துக்குக் கணினியைக் கற்பித்தவர், தம் நேரத்தைக் காக்க அதன் ஒரு வாசலை மூடினார். நம்மால் அவ்வளவு முடியாது, பிழைப்புப் போய்விடும். ஆனால் ஓய்வுநாள் என்ற ஒன்றை நம் முன்னோர் ஏன் இவ்வளவு கண்டிப்பாகக் கைக்கொண்டார்கள் என்று யோசிக்கலாம். வாரத்தில் சில மணி நேரமாவது அலுவலகச் செய்தி ஒலிக்காத ஓர் இடம் நம் வீட்டில் இருக்கட்டும்.

மேலதிகாரிகளாக இருக்கிற உங்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஒருவர், கேட்குமுன்பே "பிழை என்னுடையது" என்று வந்து சொன்னால், அந்தக் கணத்தில் உங்கள் முகம் எப்படி மாறுகிறது என்பதை மற்ற அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பொறுத்தே அடுத்த பிழை உங்களிடம் விரைவில் வந்து சேருமா, இரண்டு ஆண்டுகள் ஒளிந்திருக்குமா என்பது தீர்மானமாகும்.

அந்தச் சகோதரர் திங்கட்கிழமை அலுவலகம் சென்று, குழுவினர் அனைவர் முன்னும், அந்த வரியைத் தாமே எழுதியதாகச் சொன்னாராம். சிறிது நேரம் அமைதி. பிறகு புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், தானும் வேறோரிடத்தில் தேதியை அப்படியே எழுதியிருப்பதாகச் சொன்னார். அன்றே அதையும் திருத்தினார்கள். அது வெடித்திருந்தால் எந்த மாதக் கடைசியில் யார் தூக்கத்தைக் கெடுத்திருக்குமோ!

கடைசியாக என்னைப் பற்றி. இரண்டு மாதங்களாக ஒரு மகன், தன் தகப்பன் படியேறாதிருக்கும்படி உழைத்துக்கொண்டிருந்தான். நான் அவனைக் கூடுகையைப் புறக்கணிக்கிறவனாக எண்ணினேன். ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம், கேட்கவில்லை. யார் வரவில்லை என்று எண்ணும் நான், ஏன் வரவில்லை என்று கேட்க மறந்தேன். மாடியிலிருந்து இறங்கும்போது அவரிடம் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போது உங்கள் முன்னும் சொல்லுகிறேன். பிழை என்னுடையது.

கனூத்தைப் பின்பற்றி நானும் ஒரு சிறு குறிப்பேடு வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் தேதியிட்டு இதை எழுதிவைத்தேன். இந்த வாரம் உங்கள் வீட்டிலும் ஒன்றைச் செய்து பாருங்கள். நெடுநாளாகக் காத்திருக்கும் ஒரு சிறு வேலையைத் தேர்ந்தெடுத்து, வீட்டார் ஒருவரைக் கூடவைத்துக்கொண்டு, முடித்துவிடுங்கள். செய்கையில் நேர்ந்த பிழையை ஒரு தாளில் எழுதுங்கள். அதைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்லுங்கள். இரண்டு டாலர் வேண்டாம். ஒரு குவளைக் காப்பி போதும்.

அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம். உங்கள் வீடுகளில் சமாதானம் தங்குவதாக.